கஞ்சி போட்ட சேலை

இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தொலைக்காட்சி ஒற்றர் தொடர் ஒன்றின் படப்பிடிப்பு. கதை எழுபதுகளில், தோட்டங்களில் பஞ்சம் வாட்டிய காலத்தில் நடக்கிறது. உடைகள் என் பொறுப்பு. புதுச் சேலைகளைத் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, கத்தரியால் கிழித்துப் பழசாக்கினோம்.

ஒற்றனாக நடிப்பவருக்குப் பின்னால் கொழுந்துக் கூடையோடு நடந்துபோக அந்தத் தோட்டத்து அம்மா ஒருவரை எடுத்திருந்தோம். ஒல்லியான உடம்பு. கூடைக் கயிறு அழுத்தி முன்மண்டையில் முடி தேய்ந்திருந்தது. பேசும்போதெல்லாம் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டே இருப்பார். விடியற்காலைப் படப்பிடிப்பு என்பதால் சேலையை முதல்நாளே கொடுத்தனுப்பினேன்.

காலையில் அதையே கட்டிக்கொண்டு வந்தார். கிழிசலெல்லாம் தைத்து, சாயம் போகத் துவைத்து, கஞ்சி போட்டு, அடுப்பனலில் காயவைத்த சேலை மொடமொடவென்று நின்றது.

"ஏம்மா இப்படிப் பண்ணீங்க?"

"மக சவூதியில வீட்டு வேலைக்குப் போயிருக்குங்க மிஸ். போன் வந்து மாசக்கணக்காச்சு. எங்கயாச்சும் டிவியில பாத்துச்சுன்னா, அம்மா கிழிஞ்சதக் கட்டிக்கிட்டுத் திரியுதுன்னு அழுவும்."

இயக்குநர் அவசரப்படுத்தினார். கத்தரியை எடுத்தேன். எனக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று அவரே முந்தானையை இரண்டு கையாலும் விறைப்பாகப் பிடித்துக்கொண்டார்.

தொடர் வந்தபோது அந்தக் காட்சியைத் தேடிப் பார்த்தேன். கேமராவைக் கடக்கும் இடத்தில் அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நான் போட்ட கிழிசலை வைத்துத்தான் அவரை அடையாளம் கண்டேன். மகள் பார்த்தாலும், அடையாளம் காண அவளுக்கு அந்தக் கிழிசலும் தெரியாது.