கதிரவெளிப் பிள்ளைக்கு மீன் தெரியவில்லை

இந்த வேலைக்கு வந்தால் முதலில் கரைவது பொறுமை என்பார்கள். என்னிடம் அது முதலே இல்லாதபடியால் எனக்கு நட்டமில்லை.

வேலை இதுதான். வீட்டில் முதல் ஆளாகக் கம்பஸுக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு, வருகிற பிள்ளைகளுக்கு வழி சொல்வது. எந்தப் படிவம், எந்தக் கந்தோர், எந்தப் பாடம், யாரிடம் போய்க் கேட்பது. தகப்பன் தோணியில் போகிறவர், தாய் வயல் வட்டையில் கூலிக்குக் களை பிடுங்குகிறவர். வீட்டில் கேட்க ஆளில்லை, என்னைக் கேட்க வேண்டும். கேட்கமாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றபின் சும்மா இருக்க முடியாமல் இதில் வந்து மாட்டினேன். உங்களில் யாராவது இதே மாதிரிக் கதிரையில் இருந்தால் வாசியுங்கள். ஆறுதல் கிடைக்காது. கூட்டாளி கிடைப்பான்.

வாசலில் செருப்பு

முதல் வருசப் பிள்ளைகள் என் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருவார்கள். வேண்டாம் என்று தாளில் எழுதி ஒட்டினேன். அந்தத் தாளுக்குக் கீழேயே கழற்றினார்கள். ஒரு நாள் ஒரு சோடிச் செருப்பு முக்கால் மணித்தியாலமாகக் கிடக்கிறது, ஆளைக் காணவில்லை. எழும்பிப் போய்ப் பார்த்தேன். தூணோடு ஒட்டிக்கொண்டு ஒரு பிள்ளை. பெயர் நிரோஜினி. ஊர் கதிரவெளி. தகப்பன் கடற்றொழில். ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சையில் மூன்றாம் சையில்தான் கம்பஸ் கிடைத்தது. சை என்றால் எங்கள் ஊரில் ஒரு தரம் பரீட்சை எழுதுவது. ஏ.எல்.லை மூன்று சை எழுதலாம். அதற்கு மேல் கதவு பூட்டு.

"என்ன வேணும்?"

"ஒண்டுமில்ல சேர்."

"ஒண்டுமில்லாததுக்கா முக்கால் மணித்தியாலம்?"

"நீங்க வேலையா இருந்தீங்க சேர். மறுகா வாறன்." மறுகா என்றால் பிறகு. சொன்னாள், செருப்பைப் போட்டாள், போய்விட்டாள். என்னோடு அதே அறையில் இருக்கிற கிளாக்கர் நசீர், காத்தான்குடிக்காரர், கம்பியூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "உள்ளுக்குச் சாமி இரிக்கிண்டு நெனச்சி வருதுகள் சேர். எட்டிப் பாத்தா பூதம் இரிக்கி. ஓடாம என்ன செய்யும்?"

பிள்ளையாரும் காய்ச்சலும்

களுதாவளைப் பொடியன் ஒருவன், டிலக்சன், மூன்று நாள் வகுப்புக்கு வரவில்லை. விரிவுரையாளருக்கு ஒரு இமெயில் எழுதிக்கொண்டு வா, பார்த்துத் தருகிறேன் என்றேன். கொண்டு வந்தான். 'மகா கனம் பொருந்திய ஐயா அவர்களுக்கு' என்று தொடங்கி, 'இங்ஙனம் தங்கள் கீழ்ப்படிவுள்ள மாணவன்' என்று முடிந்தது. ஊர் விதானையாருக்கு எழுதுகிற மனு. நடுவில் ஏன் வரவில்லை என்கிற சங்கதி மட்டும் இல்லை.

கேட்டேன். ஊரில் பிள்ளையார் கோயில் திருவிழாவாம். அதை எழுத வெட்கமாம். கூட்டாளிகள் காய்ச்சல் என்று போடச் சொன்னார்களாம். "பிறகேன் போடவில்லை?" என்றேன். அவன் என்னை விட்டுவிட்டு யன்னலைப் பார்த்துச் சொன்னான்: "அவர்ட திருவிழாவில நிண்டுபோட்டுக் காய்ச்சல் எண்டு எழுதினா, அவர் அதை உண்மையாவே தந்திருவார் சேர்."

மூன்று அழைப்பு

முதல் வருசப் பெறுபேறு லீவில் வந்தது. ஒரு பாடத்தில் விழுந்த பிள்ளைகளுக்குக் கடிதம் போகவேண்டும். எங்கள் பிள்ளைகளுடைய கடிதங்களை உறையில் போட்டு ஒட்டி அனுப்பியது நான்தான். நிரோஜினிக்கும் ஒன்று போனது. புள்ளிவிபரவியல். ஒரே ஒரு பாடம்.

லீவு முடிந்தது. இரண்டாம் வருசப் பதிவு வெள்ளிக்கிழமையோடு சரி. வந்து கையெழுத்து வைக்காவிட்டால் பெயர் வெட்டுப்படும். செவ்வாய்க்கிழமை பட்டியலைப் பார்த்தேன். அவள் கையெழுத்து இல்லை. போன் எடுத்தேன். தகப்பன் பேசினார். "மகள் இல்ல சேர். மறுகா எடுக்கச் சொல்லுறன்." பின்னேரம் எடுத்தேன். "மறுகா சேர்." புதன் காலை எடுத்தேன். "மறுகா." கோபம் வந்து போனை மேசையில் வைத்த சத்தத்தில் நசீர் திரும்பிப் பார்த்தார். "உங்களுக்கு மறுகா எண்டா பொறகு. எங்கட கடைத்தெருவில, இனி வரவே வராத ஆள் சொல்லிப்போட்டுப் போற சொல்லு சேர் அது."

நாலாம் சை

புதன் பத்து மணிக்குத் திருகோணமலை பஸ் ஏறினேன். வெயில். சீற் இல்லை. வாகரை வரைக்கும் நின்றுகொண்டு போனேன். கதிரவெளியில் இறங்கி விசாரித்தால், 'மகள் கம்பஸ் போன வீடு' என்று சின்னப் பிள்ளைகூடக் கை காட்டுகிறது.

தகப்பன், தங்கராசா, தோணி இயந்திரத்தைக் கழற்றி எண்ணெய்க் கையோடு இருந்தார். பிளாஸ்டிக் கதிரை வந்தது, பிளேன்ரீ வந்தது. நிரோஜினி தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்றாள். கிட்ட வரவில்லை. தகப்பன்தான் பேசினார். "கடிதம் வந்திச்சி சேர். ரிப்பீட் எண்டு போட்டிருந்திச்சி. மூண்டு சையும் எழுதியாச்சி. நாலாம் சை இல்லயே. இனி என்னத்த ரிப்பீட் பண்ணுற? உடுப்புத் தைக்கிற கார்மண்டுக்கு மகளச் சொல்லி வச்சிரிக்கன். திங்கக்கிழமை வரச் சொன்னாங்க." அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த ஊரில் ரிப்பீட் என்றால் ஒரே அர்த்தம்தான்: ஏ.எல். திரும்ப எழுதுவது. கம்பஸ் மகளைத் திருப்பி அனுப்பிவிட்டது என்று தகப்பனும் மகளும் இரண்டு கிழமையாக வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள்.

ஒரு பாடம்தான், ஒரு தாள்தான், இரண்டாம் வருசம் படித்துக்கொண்டே எழுதலாம் என்றேன். திரும்பவும் சொன்னேன். அவர் உள்ளே போய்க் கடிதத்தை எடுத்து வந்து, நான் ஒட்டிய அதே உறை, என் கையில் தந்தார். முழுக்க ஆங்கிலம். "ஒரு கண்ணி பிஞ்சதுக்கு ஆராவது வலைய எரிப்பானா? இதத் தமிழில ஒரு வரி எழுதியிருந்தா உங்களுக்கு என்ன சேர் கொறஞ்சி போகும்?"

மீன்

இப்போது ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் கையால் தமிழில் எழுதித்தான் ஒட்டுகிறேன். அது வேறு கதை. வெள்ளிக்கிழமை கந்தோர் திறக்கும் முன்னே தகப்பனும் மகளும் வந்துவிட்டார்கள். படிவத்தை நீட்டினேன். அவள் பேனையைத் தொடவில்லை. "திரும்பியும் விழுந்தா சேர்?"

"விழமாட்டாய்."

"எப்பிடித் தெரியும்?" நியாயமான கேள்வி. தகப்பன் வெளியே பார்த்தார். திங்கட்கிழமைக் கார்மண்ட் அவர் மனதில் ஓடுவது எனக்குத் தெரிந்தது. நசீரிடம் அவள் எழுதிய பரீட்சையின் வினாத்தாளை வாங்கி அவள் முன்னால் வைத்தேன். "முதல் கேள்விக்கு என்ன எழுதினாய்?" என்றேன்.

"இந்தத் தரவுகளுக்கு என்ன கருத்து எண்டு கேட்டிருந்திச்சி சேர். ஒரு பக்கம் நிறைய எழுதினன்." பார்த்தேன். தரவுகளின் 'mean', அதாவது 'மீன்', என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறது. மிச்சக் கேள்வி முழுக்க அதில்தான் தொங்குகிறது. "வகுப்பில படிப்பிக்கிற சேர் ஒவ்வொரு நாளும் மீன், மீன் எண்டார். முதல் ரெண்டு கிழமையும் மீன்பிடிய வச்சி உதாரணம் சொல்லுறாரெண்டு நெனச்சன். மறுகா டிக்சனரியில பாத்தன். கருத்து எண்டு போட்டிருந்திச்சி. அண்டைக்கு உங்களிட்ட அதத்தான் கேக்க வந்தன்." அண்டைக்கு என்றால் அந்த முக்கால் மணித்தியாலம். நான் தலையைத் தூக்கியிருந்தால் அரை நிமிச வேலை.

"இடை," என்றேன். "கூட்டி எண்ணிக்கையால் பிரிக்கிறது."

"இடையா?" என்றாள். "இடையா சேர்? அது எனக்குப் பள்ளிக்கூடத்தில ஓ.எல்.லயே தெரியுமே!" பேனையைப் பறித்தாள். வினாத்தாளின் ஓரத்திலேயே கூட்டினாள், பிரித்தாள், அடிக்கோடு போட்டாள். விடை சரி. அதே வேகத்தில் படிவத்தில் கையெழுத்தும் விழுந்தது. நசீர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். தங்கராசா சிரிக்கவில்லை. எனக்குக் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார்: "மூண்டு தலமுறையா மீனோட கிடக்கிறம். எங்கட புள்ள மீன்ல விழுந்திச்செண்டு ஊரில சொல்லிப்போடாதீங்க சேர்."

சி

ரிப்பீட் பெறுபேறு வந்த அன்று கதவு தட்டப்படவில்லை, திறந்தது. நிரோஜினி. தாளை என் மேசையில் வைத்தாள். புள்ளிவிபரவியல், சி. சித்தி, அதாவது பாஸ். நான் சந்தோசப்பட்டேன். முகத்தில் காட்டவில்லை.

"எல்லாக் கேள்வியும் சரி சேர். பிறகேன் சி?"

"ரிப்பீட்டுக்கு அதுக்கு மேல போடமாட்டாங்க. சட்டம்."

"அது கடிதத்தில இல்லயே."

"இல்லை."

"நீங்க கையால எழுதுற தமிழிலயும் இல்லயே." நசீர் இருமினார். உண்மையில் இல்லை. "பீடாதிபதிட அறை எங்க சேர்?" மேல் மாடி என்றேன். சட்டத்தை மாற்றமாட்டார்கள் என்றும் சொன்னேன். மாற்றாட்டிப் பரவாயில்லை, அதைக் கடிதத்தில் எழுதவாவது எழுதட்டும் என்றாள். தாளை எடுத்துக்கொண்டு படியடிக்குப் போனவள் அங்கே நின்று என்னைக் கூப்பிட்டாள்: "எழும்பி வாங்க சேர்! எனக்கு இங்கிலீசில சண்ட பிடிக்கத் தெரியா!"

எங்கள் வேலை இவ்வளவுதான்: ஒரு பிள்ளையை வாய் திறக்க வைக்க ஒரு வருசம் கத்துவது, திறந்தபின் அந்த வாய்க்குப் பயந்து மூட்டுவலியோடு மாடிப்படி ஏறுவது.