தார் பூசிய ஜன்னல்

எங்கள் வீட்டு ஜன்னலைக் கெடுத்தது மழையுமில்லை, கரையானுமில்லை. என் மாமனார்தான்.

சண்டைக் காலத்தில் மெட்ராஸைக் காலி செய்துகொண்டு வந்த உறவுக்காரர்கள், குண்டு போடும் விமானங்களுக்குப் பயந்து அங்கே இருட்டிய பிறகு ஜன்னல் வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது என்று உத்தரவு இருப்பதாகச் சொன்னார்கள். மாமாவுக்கு அது போதும். மராட்டியரும் மொகலாயரும் பிரெஞ்சுக்காரரும் ஆசைப்பட்ட எங்கள் ஊர் செஞ்சிக் கோட்டைக்கு ஜப்பான்காரன் மட்டும் ஆசைப்பட மாட்டானா என்று கேட்டார். சாலை போட்டவர்களிடம் மீந்த தாரை வாங்கிக் காய்ச்சி, முன்னறை ஜன்னலின் தேக்குக் கதவுகளில் உள்ளும் புறமும் பூசி, இடுக்கு விடாமல் அடைத்துவிட்டார். எங்கள் வீட்டில் எரிந்ததோ ஒரே ஒரு சிம்னி விளக்கு. அதைக் குறிவைத்து ஒருவன் கடல் தாண்டி வர வேண்டுமாம்.

சண்டை முடிந்தது. ஜன்னல் மட்டும் திறக்கவில்லை. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்கள் என்பதால், அந்த அறைக்குக் காற்று வர வேறு வழியும் கிடையாது. அதற்குள் என் மாமியாருக்கு இழுப்பு வந்துவிட்டிருந்தது. படுத்தால் மூச்சு முட்டும். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணயர்வார். உச்சி வெயிலில் தார் இளகி நாற்றம் கிளம்பினால் இருமல் இன்னும் கூடும். வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, காற்றில்லாத இந்த அறையில் வரப்போகும் மழைக்காலத்தை அவர் தாங்குவது கஷ்டம் என்று என் கணவரைத் தனியே அழைத்துச் சொன்னார்.

அன்றைக்கே என் கணவர் கடப்பாரையால் நெம்பினார். கதவு திறக்கவில்லை, மூலையில் விரிசல்தான் விட்டது. பிறகு ஆச்சாரியை அழைத்து வந்தார். அவர் முதலில், "சட்டத்தோட பேத்துட்டுப் புதுசு வெச்சிடலாம்" என்றார். மேலே அண்ணாந்து பார்த்ததும் பேச்சை மாற்றினார்.

"மேல் செவுரு பூரா இந்தச் சட்டத்து மேலதான் நிக்குது. பேத்தா அதுவும் கூடவே வந்துடும். அம்மா இந்தச் சுண்ணாம்புத் தூசிய தாங்குவாங்களா? இருக்கற கதவையே தொறக்க வெச்சாத்தான் உண்டு. ஆனா தாரு போற வரைக்கும் உளி வெக்க முடியாது. நெருப்பு காட்டினா உருகி மரத்துக்குள்ள எறங்கிடும்."

அவர் போன பிறகு எனக்கு மாமாவின் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மருமகளாக இருந்ததால் பாத்திரங்களின் மேல் காட்டினேன்.

பக்கத்து வீட்டில் செக்கு வைத்திருந்த முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டு அக்கா, அத்தையைப் பார்க்க வந்தவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"கால்ல தாரு ஒட்டிக்கினா இன்னா பண்ணுவ? எண்ண தடவ மாட்ட?"

"அது காலு அக்கா. இது ஜன்னல்."

"ரெண்டும் அதே தாருதானே?"

மறுநாள் காலையில் செக்கில் வேர்க்கடலை ஆட்டி அடியில் தங்கிய மல்லாட்டை எண்ணெய்க் கசண்டு ஒரு பானை நிறைய வந்து சேர்ந்தது. பின்னாலேயே அக்காவும் வந்தார். அத்தையைக் கைத்தாங்கலாகத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய், முற்றத்துக் காற்றில் உட்கார வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னோடு உட்கார்ந்தார். கசண்டைப் பூசி வெயிலில் ஊற விடுவோம். தார் மெழுகாக இளகியதும் கொட்டாங்கச்சிச் சில்லால் வழிப்போம். கத்தி வைத்தால் மரம் காயப்படும் என்று ஆச்சாரி சொல்லியிருந்தார். வேலை முடிய நாளானது. எங்கள் கைகள் முழங்கை வரை கறுத்துவிட்டன. என் கணவர் என் கையைப் பார்த்துவிட்டுச் சோறு போட வேண்டாம், தானே போட்டுக்கொள்கிறேன் என்றார். சிரித்துச் சிரித்து வேலை செய்தோம். தாருக்கு அடியிலிருந்து தேக்கு சிவப்பாக வெளியே வந்தது. யாரும் கேட்காமலே எனக்காகக் கையைக் கறுப்பாக்கிக்கொண்ட அந்த அக்காவை நினைக்கும்போது இன்றைக்கும் என் மனம் நிறைந்துவிடுகிறது.

ஆச்சாரி கதவுகளைக் கழற்றினார். ஒரு கதவின் குடுமி, அதாவது கதவு குழியில் நின்று சுழல்கிற முனை, விரிசல் விட்ட இடத்தில் ஒடிந்திருந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டு வேறு துண்டு சேர்க்க வேண்டும்.

"பச்ச மரம் ஆவாது, மழைக்கு உப்பி மறுபடியும் புடிச்சிக்கும். நல்லா காஞ்ச பழைய தேக்கா வேணும். பர்மாலேருந்து வரதும் நின்னுபோச்சு, எங்க போறது?" என்றார்.

இத்தனை நாளும் அது யார் வீட்டு ஜன்னலோ என்பதுபோல் போய் வந்துகொண்டிருந்த மாமா, இதைக் கேட்டுவிட்டு உள்ளே போனார். டொக் டொக் என்று சத்தம் வந்தது. திரும்பி வந்தபோது கையில் அவருடைய சாய்வு நாற்காலியின் ஒரு பக்கக் கை இருந்தது. அந்த நாற்காலியில் பேரப்பிள்ளைகளைக்கூட அவர் உட்கார விட்டதில்லை.

"இது பழைய தேக்குதான். ஆவுமா பாரு."

"நாற்காலி வீணாப் போவுதே, ஐயா."

"எனக்கு ஒரு கை போதும்."

என் கோபம் அந்த நிமிஷமே எங்கோ போய்விட்டது.

ஆச்சாரி அந்தத் துண்டைப் பழைய மரத்தோடு கோத்து இழைத்தார். மழைக்கு முன்பே கதவுகள் ஏறிவிட்டன. விரலால் தள்ளினாலே திறந்தன. அத்தையைக் காலையில் வீட்டுக்கு அழைத்து வந்தோம். மலைப் பக்கத்துக் காற்று அறை முழுக்க வந்துகொண்டிருந்தது.

மத்தியானம் எல்லோருக்கும் சோறு போட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன். தலையணைகள் சுவரோரம் கிடந்தன. அத்தை பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். அசைவே இல்லை. ஓடிப்போய் மூக்கருகே புறங்கையை வைத்தேன். சுடச்சுட மூச்சு வந்து பட்டது.

"இன்னாம்மா?" என்று மாமா நிலைப்படியில் நின்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல மாமா. படுத்துத் தூங்கறாங்க."

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.