கதவைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்

என் ரசனையைப் பற்றி எனக்கு எப்போதுமே உயர்ந்த அபிப்பிராயம் உண்டு. வேறு யாருக்காவது அது இருந்ததாகத் தகவல் இல்லை. அந்த ரசனையை முழுதாக அவிழ்த்துவிட எனக்கு ஒரே ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. அறுபதுகளின் நடுவில், பம்பாய் மாட்டுங்காவில், எங்கள் சமையலறை மூலையில்.

இரண்டே அறை கொண்ட வீடு. அப்பா, அம்மா, சயானில் காலேஜ் போய்க்கொண்டிருந்த தம்பி, நான், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத என் மனைவி. கக்கூஸ் வராந்தாக் கோடியில், மாடிக்கே பொது. குளிக்க, துவைக்க, பாத்திரம் தேய்க்க எல்லாவற்றுக்கும் சமையலறை மூலையில் முழங்கால் உயரச் சுவர் எழுப்பிக் கடப்பாக்கல் பதித்த ஒரு சதுரம். பம்பாயில் அதற்கு மோரி என்று பெயர். ஆண்கள் நாங்கள் துண்டைக் கட்டிக்கொண்டு, பேப்பரில் வந்த செய்தியைப் பற்றிச் சண்டை போட்டபடியே குளித்துவிடுவோம். அம்மா பக்கத்திலேயே குழம்பைக் கொதிக்கவிடுவாள். என் மனைவிதான் எல்லோருக்கும் முன்னால் இருட்டில் எழுந்து, பழைய ஒன்பது கஜம் ஒன்றைக் கயிற்றில் மறைப்பாகப் போட்டுக்கொண்டு குளிப்பாள். அடுத்த அறையில் அப்பா இருமினால் சொம்பு பாதியில் நின்றுவிடும்.

ஒரு நாள் கேட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அதுதான்.

"ஏன்னா, மோரிச் சுவரைக் கொஞ்சம் ஒசத்தி ஒரு கதவு போட்டுத் தரேளா? தாப்பாளோட."

வேறொருவனாக இருந்தால் மறுநாளே கொத்தனாரையும் தச்சனையும் கூட்டி வந்திருப்பான். எனக்குத்தான் ரசனை இருந்ததே. கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவரிடம் வெளிநாட்டு வீட்டு அலங்காரப் பத்திரிகைகள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். ஒன்றை வாங்கி வந்தேன். வழவழப்பான தாளில் குளியலறை குளியலறையாகப் படங்கள். ஒன்றில் வெள்ளைக்காரி ஒருத்தி நுரைக்குள் கழுத்துவரை மூழ்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் மோரியில் ஓர் ஆள் உட்கார்ந்தால் சொம்பை வைக்க இடமிராது என்பது எனக்கு ஒரு தடையாகவே தோன்றவில்லை.

ரோஸ் நிறத்தில் டைல்ஸ், புடவைக் கரை மாதிரி கறுப்பு பார்டர், நிலைக்கண்ணாடி, ட்யூப் லைட், வாஷ்பேசின். ஒவ்வொன்றாக மனைவிக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கதவு?" என்றாள்.

"கதவைக் கடைசியில பாத்துக்கலாம். மொதல்ல டிசைன்."

ஆபீசில் கோடு போடுவதில் எனக்கு நல்ல பெயர். கிராஃப் தாளில் பிளான் வரைந்து அப்பாவிடம் நீட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். நான் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

வாஷ்பேசினைப் பைகுல்லாவில், இடிக்கிற பங்களாக்களின் சாமான்களை விற்கும் கடையில் பிடித்தேன். பீங்கானில் தூணோடு நின்ற பிரம்மாண்டம் அது. ஏதோ ஒரு காலத்தில் துரை ஒருவர் அதில் தன் நாயையே குளிப்பாட்டியிருக்கலாம். வெந்நீருக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று என்று இரண்டு குழாய்கள். எங்கள் கட்டிடத்தில் காலை ஏழு மணிக்கு மேல் எந்தக் குழாயைத் திருகினாலும் காற்றுதான் வரும். ஆனாலும் இரண்டு குழாய் என்பது இரண்டு குழாய் அல்லவா? கைவண்டியில் அது வந்து இறங்கியபோது கட்டிடமே வராந்தாவில் நின்றது. உள்ளே நுழைகிறவர் கண்ணில் முதலில் அதுதான் படவேண்டும் என்று மோரி வாசலை ஒட்டியே நிறுத்தச் சொன்னேன்.

சுவர் எழுந்தது, டைல்ஸ் ஏறியது, கண்ணாடி மாட்டியாயிற்று. கடைசியில், சொன்ன சொல் தவறாமல், கதவு வந்தது. தச்சன் அதை நிலையில் பொருத்தி உள்பக்கம் தள்ளினான். வாஷ்பேசினில் இடித்துக்கொண்டு நின்றது. வெளிப்பக்கம் இழுத்தான். அடுப்பு மேடையில் இடித்தது. இரண்டு பக்கமும் ஒரு பூனை நுழையும் அளவுக்குத் திறந்தது.

"சாப், யே நஹி குலேகா" என்றான். திறக்காதாம்.

என் பிளானில் கதவு இருந்தது. அழகான ஒரு கோடாக இருந்தது. கோடு திறக்க வேண்டியதில்லை, கதவு திறக்கவேண்டும். "பேசாம கதவை நெடுக்க ரெண்டாக் கிழிச்சுடேன்" என்றார் அப்பா. "ஜன்னல் வெச்சுடலாம், ஏறிக் குதிச்சுப் போலாம்" என்றான் தம்பி. மனைவி அடுப்படிக்குப் போய் அரிசி களைய ஆரம்பித்தாள்.

எனக்கா யோசனைக்குப் பஞ்சம்? பத்திரிகையைப் புரட்டினேன். பிளாஸ்டிக் திரை! "அமெரிக்காவுல எல்லாம் இதான்" என்று அறிவித்து, நீல மீன்கள் நீந்தும் திரை ஒன்றை வாங்கி மாட்டினேன். மறுநாள் காலை ட்யூப் லைட்டைப் போட்டுக்கொண்டு அப்பா குளிக்கப் போனார். மீன்களுக்கு நடுவே அவர் முதுகு தேய்ப்பதும், குனிவதும், துண்டைப் பிழிவதும் நிழலாக அப்படியே தெரிந்தன. நாங்கள் நால்வரும் கையில் காப்பியோடு பார்த்துக்கொண்டிருந்தோம். தம்பிக்குப் புரையேறியது. என் மனைவி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அதன்பிறகு கொஞ்ச நாள் அவள் விளக்கைப் போடாமலே குளித்தாள். பழைய ஒன்பது கஜத்தையாவது மறைப்பாகக் கட்டிக்கொள்ளலாம் என்றால், கயிறு கட்ட ஆணி அடிக்கவேண்டும். ரோஸ் டைல்ஸில் ஆணியா? நான் விடவில்லை. உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணா என்பது இதுதான். ஆனால் எனக்கு அது உறைத்தால்தானே. மாலையானால் பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்க வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை செம்பூரிலிருந்து உறவுக்காரர்கள் வருவார்கள். நான் குழாயைத் திருகிக் காட்டி, தண்ணீர் வராவிட்டாலும் அது திரும்பும் மென்மையைச் சிலாகிப்பேன். மனைவி அவர்களுக்கெல்லாம் காப்பி போடுவாள்.

ஒரு நாள் கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று அரை நாள் லீவு போட்டுவிட்டுத் திரும்பினேன். ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும்போது எனக்கு முன்னால் மனைவி போய்க்கொண்டிருந்தாள். கையில் துணிப்பை. தலைமுடியைத் துண்டில் சுற்றிக் கட்டியிருந்தாள். அவளுடைய அத்தை வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது.

"அத்தை ஆத்துக்குப் போயிட்டு வரியா?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். "ஆமா."

"தலை ஏன் ஈரமா இருக்கு?"

"குளிச்சேன்."

"ஏன், நம்மாத்துல—"

"அங்க கதவு இருக்கு" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கடை எங்கே என்று கேட்டால் வழி சொல்வதுபோலச் சொன்னாள். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன். "நெதமும்தான் போறா. வேற என்னடா பண்ணுவா? நானே ரெண்டு நாள் அவகூடப் போய்க் குளிச்சுட்டு வந்தேன்" என்றாள் அம்மா. ஊரே வந்து பார்த்த என் குளியலறையை விட்டு, என் வீட்டுப் பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஊரார் வீட்டுக்குக் குளிக்கப் போயிருக்கிறார்கள். வெட்கமாக இருந்தது. அதைவிட, கண்ணில் நீர் முட்டியது. பல்வலி என்று சொல்லிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே வாஷ்பேசினைப் பெயர்த்தோம். அதோடு ரோஸ் டைல்ஸும் நிறையப் போயிற்று. அந்த இடத்தைச் சிமெண்டால் பூசி அடைத்தார்கள். வாஷ்பேசினை வாங்கிய கடைக்கே கொண்டு போனேன். இதைப் போய் யார் உங்கள் தலையில் கட்டினார்கள் என்று கடைக்காரர் என்னிடமே விசாரித்தார். தச்சன் வந்து, அன்று திறக்காத அதே கதவைப் பொருத்தினான். மட்டமான பலகை, பச்சைப் பெயின்ட். மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒரு தாழ்ப்பாள். மாட்டுங்காவிலேயே ரசனை கெட்ட கதவு அதுவாகத்தான் இருக்கும்.

மறுநாள் என் மனைவி இருட்டில் எழுந்திருக்கவில்லை. நன்றாக விடிந்து, குழாயில் தண்ணீர் வருகிற, நாங்கள் எல்லோரும் துண்டும் கையுமாக நிற்கிற நேரம் பார்த்து உள்ளே போனாள். விளக்கைப் போட்டாள். மேல் தாழ்ப்பாள் விழுந்தது. கீழ்த் தாழ்ப்பாளும் விழுந்தது. கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். ரயில் போயிடும் என்று முணுமுணுத்தார். எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. கதவருகே போய் மெதுவாகக் கேட்டேன்.

"குளிச்சாச்சா?"

"ஆச்சு."

"பின்ன உள்ள என்ன பண்றே?"



"ஒண்ணும் பண்ணலே. சும்மா உக்காந்துண்டிருக்கேன்."

தம்பி கதவைத் தட்டக் கையை ஓங்கினான். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்று நாங்கள் மூன்று ஆண்களும் குளிக்காமலே கிளம்பிப் போனோம்.