வலிக்கும் இடத்தில் ஒரு பெருக்கல் குறி

செலினின் மகள் ஷைனியின் போன் வந்தபோது என் இரண்டு கைகளிலும் ரெசின். மீன்பிடி வள்ளத்தின் அச்சில் கண்ணாடி நார்த்துணியை விரித்து பிரஷ்ஷால் ஒற்றிக்கொண்டிருந்தேன். என் மனைவிதான் போனை என் காதில் வைத்துப் பிடித்தாள். "மாமா, அம்மா போயிட்டாங்க" என்றாள் ஷைனி. கலந்து வைத்த ரெசின் யாருக்காகவும் காத்திருக்காது. பாதியில் விட்டால் வள்ளம் பாழ். அந்த அடுக்கை முடித்தேன். பிறகு கைகூடக் கழுவாமல் அச்சுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். செலின் அங்கே இருந்திருந்தால், "வேலைய முடிச்சிட்டுத்தானே அழுதீரு?" என்று கேட்டிருப்பாள்.

இந்த முப்பதாம் நாள் பூசைக்கு வந்திருக்கிற உங்களுக்கு அவளை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. குவைத்தில் பதினான்கு வருஷம் நர்ஸாக இருந்தவள், சுனாமிக்கு அடுத்த வருஷம் ஊர் திரும்பியவள், நம் கோயில் பாடற்குழுவில் கிட்டார் வாசித்தவள். உங்களில் பாதிப் பேருக்கு அவளைப் பாட்டால் தெரியும், மீதிப் பேருக்கு வாயால் தெரியும். இரண்டுமே ஊர் முழுக்கக் கேட்கும். அவளுக்கும் எனக்கும் நடந்த ஒரு பெரிய சண்டையைப் பற்றித்தான் நான் இங்கே சொல்ல வந்தேன். அந்தச் சண்டையில் நான் தோற்றேன். என் வாழ்க்கையில் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற காரியம் அது ஒன்றுதான்.

படுத்த படுக்கையாய்க் கிடந்த நோயாளிகளைத் தூக்கித் தூக்கி அவளுடைய வலது தோள் கெட்டிருந்தது. இடது மணிக்கட்டும் சரியில்லை. கிட்டாரின் தடித்த வயிற்றுக்கு மேலே கையைத் தூக்கிப் போட்டால் இரண்டாவது பாட்டிலேயே முகம் வெளிறிவிடும். வாசிப்பதை விட்டுவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த திருவிழாவுக்குக் கீபோர்டு வைத்துக்கொள்ளலாம், நீ பாடினால் போதும் என்று பாடற்குழு மாஸ்டரும் சொல்லிவிட்டார். மாஸ்டர் இதோ முன்வரிசையில்தான் இருக்கிறார், கோபிக்க மாட்டார். திருவிழாவுக்கு எட்டு மாதம் இருந்தது. அதற்குள் முழுப் பூசைக்கும் வாசித்துக் காட்டாவிட்டால் அவளுடைய கிட்டார் அதோடு சரி.

ஒரு நாள் காலையில் கடையில் வாங்கிய கிட்டாரோடு என் கொட்டகைக்கு வந்தாள். வந்ததும் வராததுமாக, "அண்ணே, இத அறுத்துத் தருவீரா?" என்று கேட்டாள்.

"நல்ல கிட்டார எதுக்குப் பிள்ளே அறுக்கணும்?"

"பின்ன, எனக்க தோள அறுக்க முடியுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. "எல்லாரும் எனக்க உடம்பையே குத்தம் சொல்லுகினும். உடம்பு என்ன செய்யும்? வலிச்சா அது மரத்துக்க குத்தமாக்கும்" என்றாள். இந்த ஒரு வாக்கியத்தைப் பத்து வருஷத்தில் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. டாக்டரிடம் சொன்னாள், மாஸ்டரிடம் சொன்னாள், பங்குச் சாமியாரிடம்கூட கோயிலில் முழங்காலிடும் பலகையைக் காட்டிச் சொன்னாள்.

அறுக்க வேண்டாம், புதிதாகவே செய்து தருகிறேன் என்று நான் வாயைக் கொடுத்தேன். நான் ஓடாவி. அப்பன் காலத்திலிருந்து வள்ளம் செய்கிறவர்கள் நாங்கள். வளைந்த பலகை எனக்குப் புதிதா என்ன என்கிற திமிர். பலா மரத்தில் உடல், அயனி மரத்தில் கழுத்து, பழைய பெட்டிப் பலகையை இழைத்து மேல்முகம் என்று ஒன்றரை மாதத்தில் முதல் கிட்டாரை முடித்தேன். வார்னிஷ் அடிப்பதற்கு முன்பே அவள் வந்து உட்கார்ந்துவிட்டாள். ஒரு மணி நேரம் வாசித்தாள். பிறகு என் காதில் செருகியிருந்த பென்சிலை உருவி, புது மரத்தின் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டாள். அப்புறம் இன்னொன்று. மொத்தம் ஆறு.

"இதென்ன அநியாயம்?" என்றேன்.

"வலிக்கிற இடமெல்லாம் குறி போட்டிருக்கேன். வாயால சொன்னா நீரு மறந்துபோவீரு."

அவள் சொன்னதைக் கேட்டு உடலை மெலிதாக்கினேன், கை படுகிற விளிம்பை இழைத்து வழித்தேன். ஆனாலும் வலி போகவில்லை. ஏனென்று இரண்டு பேருக்கும் பிடிபடவில்லை. இரண்டாவது கிட்டாரில் வேறொரு கூத்து. கழுத்துப் பாரம் தாங்காமல் அது இடப்பக்கம் தலை சாய்ந்தது, அதைத் தாங்கிப் பிடித்தே அவள் மணிக்கட்டு நொந்தது. வள்ளத்தின் முன்பக்க அணியம் தாழ்ந்தால் பின்பக்கம் பாரம் ஏற்றுவோம் இல்லையா? அதே புத்தியில் வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு நாலைந்தை எடுத்து உள்ளே வால்பக்கத்தில் ஒட்டிவிட்டேன். கிட்டார் அசையாமல் நின்றது. நானும் மார்தட்டிக்கொண்டேன். அவள் வாங்கி மடியில் வைத்துவிட்டு ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"சவத்தெழவே! இது கிட்டாரா வலையா? தலையில இருக்கிற பாரத்த எடுக்காம வால்ல கொண்டு வச்சா, ரெண்டையும் சுமக்கப் போறது ஆரு? நானாக்கும்!"

கழுத்தின் தலையைச் சிறிதாக்கினேன், கம்பியை முறுக்குகிற கனத்த முடுக்கிகளுக்குப் பதிலாக லேசானவற்றைப் போட்டேன். கழுத்தின் முதுகைக் கட்டைவிரல் சாயும் பக்கத்தில் தடிப்பாகவும் மறுபக்கத்தில் மெலிதாகவும் சீவினேன். மணிக்கட்டு வலி நின்றது. தோள்தான் பிடிவாதம் பிடித்தது. திருவிழாவுக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

ஒரு நாள் அவள் என்னையே பெஞ்சில் உட்காரவைத்தாள். நர்ஸ் இல்லையா, என் கையைப் பிடித்துத் தூக்கி, தளர விடச் சொல்லி, விட்டாள். கை தொப்பென்று மடியில் விழுந்தது. "பார்த்தீரா? கை தானா விழுகிற இடத்துல மரம் இருக்கணும். மரம் இருக்கிற இடத்துக்குக் கை போகப்பிடாது. மேல மெலிசா, கீழ தடிப்பா செய்யும். அப்போ கிட்டாரே எனக்க பக்கம் சாஞ்சு வரும், தோளு மேல பொங்காது" என்றாள்.

"அது கோணல்லா!"

"கோணத்தான் வேணும்!"

இங்கேதான் சண்டை. உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஒரு ஓடாவிக்கு அப்படியில்லை. என் வள்ளம் ஒன்று ஒரு பக்கம் சரிந்து மிதந்தால் அதில் போகிறவன் வீடு திரும்ப மாட்டான். இடமும் வலமும் ஒன்றாக இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்துப் பார்த்தே வளர்ந்த கை இது. அதுவரை செய்த இரண்டு கிட்டாரிலும் அவள் சொன்னதை எல்லாம் செய்தேன், மேல் பக்கமும் கீழ்ப் பக்கமும் மட்டும் ஒரே கனம். வலிக்கு அதுதான் காரணம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. புரிந்தும் மனம் ஒப்பவில்லை. கோணலாய் ஒன்றைச் செய்தால் என்னை ஓடாவி என்று எவன் மதிப்பான் என்று கத்தினேன். அவள் அமைதியாக, "நீரு கடலுக்குப் பயந்து செய்யுதீரு. நான் கடல்ல போகல்ல, பெஞ்சில இருந்து வாசிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஒரு வாரம் வரவில்லை.

அந்த ஒரு வாரத்தில், இரண்டாவதின் கழுத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, உடலை மட்டும் புதிதாகக் கோணலாகத்தான் செய்தேன். மேல் பக்கம் மூன்று விரல் கனம், மடியில் உட்காரும் கீழ்ப் பக்கம் ஆறு விரல். யாராவது கொட்டகைக்கு வந்தால் சாக்கைப் போட்டு மூடிவைத்தேன். அவ்வளவு வெட்கம். அவள் வந்து வாசித்தாள். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். பென்சிலைக் கேட்பாள் என்று நீட்டிக்கொண்டே நின்றேன். கேட்கவில்லை. கடைசியில் கிட்டாரைப் பார்த்து, என்னைப் பார்க்காமல், "கொள்ளாம்" என்றாள். அவள் என்னிடம் அந்தப் பாராட்டைச் சொன்னது அந்த ஒரே தடவைதான். பிறகு வார்னிஷ் அடிக்க விட்டாள், முதுகைத் தவிர. "நாளைக்கு எங்கயாவது வலிச்சா எங்க குறி போட?" என்று கேட்டாள்.

அந்தத் திருவிழாவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முழுப் பூசைக்கும், அதற்குப் பின் ஆராதனைக்கும் ஒரு மூச்சாக வாசித்தாள். முடிந்ததும் மாஸ்டரே எழுந்து போய் அவளுடைய நாற்காலியை மேடையின் நடுவுக்கு இழுத்துப் போட்டார். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து வந்திருந்த வளைகுடாக்காரர் ஒருவர், இது எந்த நாட்டுக் கிட்டார் என்று கேட்டார். செலின் அணைக்காத மைக்கில், "நம்ம ஓடாவி செஞ்சதாக்கும். கோணலாத்தான் செஞ்சாரு!" என்றாள். கோயிலே சிரித்தது. நானும் சிரித்தேன், என் மனைவி என் கண்ணைத் துடைத்தாள். கிட்டாரை மூடிவைத்திருந்த அந்தச் சாக்கை மறுநாளே அடுப்பில் போட்டேன்.

அதன் பிறகு ஆட்கள் தேடி வந்தார்கள். ஆரல்வாய்மொழியில் காற்றாலையில் வேலை பார்த்து முதுகு போன ஒருவர், விரல் மடங்காத ஒரு டீச்சர். ஒவ்வொருவருக்கும் ஒரு விதக் கோணல். செலின் கூடவே வந்து உட்கார்ந்துகொள்வாள். வந்தவர்கள் மரியாதைக்காக "நல்லா இருக்கு" என்று சொன்னால் எரிந்து விழுவாள். "ஓடாவிக்குப் பாவம் பார்த்தா உங்க முதுகுக்கு ஆரு பாவம் பார்ப்பா?" என்று பென்சிலைக் கையில் திணிப்பாள்.

கடைசி ஒரு வருஷம் அவளுக்கு நெஞ்சில் கட்டி என்பது எனக்குத் தெரியாது. போன கிறிஸ்துமஸுக்கும் வாசித்தாளே! கேட்டால் ஷைனி அழுகிறாள், "மாமாகிட்ட சொல்லக்கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க" என்கிறாள். அடக்கம் முடிந்த நாலாம் நாள் ஷைனி அம்மாவின் கிட்டாரை என்னிடம் கொண்டுவந்து தந்தாள். உங்களிடம்தான் கொடுக்கச் சொன்னாங்க என்றாள்.

வெளிச்சத்தில் வைத்து முதுகைத் திருப்பிப் பார்த்தேன். இத்தனை வருஷமாகக் குறியே இல்லாத அந்த வெறும் மரத்தில், அவள் நெஞ்சு சாய்கிற இடத்தில், பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி. அதன் கீழே அவள் கையெழுத்து: "ஓடாவியாரே, இது மரத்துக்க குத்தம் இல்ல."

உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் குறிகளை அழிப்பதுதான் பத்து வருஷமாக என் வேலை. ஒவ்வொரு குறியையும் அழித்தால்தான் யாருக்காவது ஒரு வலி குறையும். இந்த ஒன்றை மட்டும் அழிக்கிற வித்தை எனக்குத் தெரியவில்லை, செலின். அது அப்படியே என்னிடம் இருக்கும்.