ஷிங்கி மீனும் மேனேஜரின் மண்டையும்

வேலையை மாற்றியவர்கள் மனம் தளராமல் இருப்பது எப்படி என்று கைப்பேசியில் ஒருவர் தினமும் பாடம் எடுக்கிறார். விடியுமுன் எழ வேண்டுமாம், கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமாம். நானும் ஒரு வாரம் சிரித்துப் பார்த்தேன். பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தது. நாற்பது வயதுக்கு மேல் என்னைத் தூக்கி நிறுத்தியது சிரிப்பு அல்ல, கொலைவெறி.

வங்காளத்தின் கிடர்பூரில், துறைமுகத்துக்கு வரும் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் ஓர் ஏஜென்சியில் வேலை பார்த்தேன். ஒரு கன்டெய்னர் தேங்கிப்போன கோபத்தில் ஒருநாள் மேனேஜர் மேஜையிலிருந்த பேப்பர் வெயிட்டை என் மேல் விட்டெறிந்தார். புருவம் கிழிந்தது. புடவையெல்லாம் ரத்தம். "டிராமா போடாதே, போய் முகத்தைக் கழுவிட்டு வா" என்றார். கழுவிக்கொண்டேன். திரும்பிப் போகவில்லை.

கரியாஹாட்டில் எங்கள் வீட்டைச் சுற்றி ஏகப்பட்ட நர்சிங் ஹோம்கள். ஆபரேஷன் முடிந்து வீடு திரும்புகிறவர்களுக்குப் பத்தியச் சாப்பாடு சமைத்து அனுப்பத் தொடங்கினேன். ரசம், இட்லி, கஞ்சி. இரண்டு நாள் மரியாதைக்குச் சாப்பிட்டார்கள். மூன்றாம் நாள் எல்லோரும் ஒரே குரலில், ஷிங்கி மீன் ஜோல் எங்கே என்று கேட்டார்கள். உடம்புக்கு வந்தால் நாம் ரசம் தேடுவதுபோல வங்காளிகள் அந்த மீன் குழம்பைத் தேடுவார்கள். வாழைக்காயும் பப்பாளிக்காயும் போட்ட, காரமில்லாத தண்ணீர்க் குழம்பு.

நாங்கள் திருநெல்வேலிச் சைவம். முட்டை வெந்த பாத்திரத்தைக்கூடத் தொட மாட்டோம். ஆனாலும் சந்தைக்குப் போனேன். தொட்டியில் கரிய மீன்கள் நெளிந்தன. ஓரத்தில் செத்தவற்றைத் தனியே குவித்திருந்தார்கள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஏற்கெனவே செத்ததென்றால் பாவம் நம் தலையில் இல்லையே! அதையே வாங்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு சமைத்து அனுப்பினேன்.

மதியம் கதவு இடிபட்டது. அடுத்த தெருவில் குடல் ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்த ஓர் அம்மாளின் மகன். திறந்ததுதான் தாமதம், டிபன் கேரியர் என் காதோரமாகப் பறந்து சுவரில் மோதியது. குழம்பு வழிந்தது. "மொரா மாச்! செத்த மீன்! எங்க அம்மாவைக் கொல்லப் பாக்கறியா?" என்று வங்காள மொழியில் கத்தியபடி என் தோளைப் பிடித்து உலுக்கினான். ஷிங்கியை உயிரோடு வாங்கி, சமைக்கும் நேரத்தில்தான் கொல்ல வேண்டும், செத்தது விஷம் என்பது இங்கே பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை. அதற்காக என் மேல் கை வைப்பதா? ஓங்கித் தள்ளினேன். நிலைப்படியில் அவன் தலை 'ணங்' என்று இடித்தது. மாடிப்படியெல்லாம் கூட்டம். "நாளைக்கு உயிரோட காட்டிட்டுச் சமைக்கறேன்டா!" என்று நான் கத்த, "காட்டு, பாக்கலாம்!" என்று அவன் கத்த, சண்டை ஆர்டராக முடிந்தது.

மறுநாள் பக்கெட்டை அவனுக்குக் காட்டினேன். பார்த்துவிட்டுப் போனான். ஒரு மீனைப் பிடித்தேன். அதன் செவுளோரத்து முள் உள்ளங்கையில் இறங்கியது. தேள் கொட்டியதுபோல் தோள்வரை வலி ஏறியது. மீனைத் தரையில் அறைந்தேன். துள்ளியது. அம்மிக் குழவியை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து மேனேஜரின் முகம் வந்து நின்றது. "கழுவிட்டு வரச் சொன்னியே, இந்தா வந்துட்டேன்!" என்று ஓங்கி அடித்தேன். மண்டை கூழான பிறகும் நிறுத்தவில்லை. ரத்தம் முகத்தில் தெறித்தது. சுகமாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அன்றிலிருந்து தினமும் அவரைக் கொன்றேன். காலையில் எழ அலாரம் தேவைப்படவில்லை. ஆர்டர்கள் கூடின. துறைமுக அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் கணவர் சமையலறை வாசலோடு நின்றுகொள்வார்.

"ஏளா, கை வீங்கிக் கெடக்கு. இந்தக் கொலபாதகத் தொழிலு ஒனக்கு என்னத்துக்கு?"

"நீங்க தயிர்சோத்தத் தின்னுட்டு ஆபீஸுக்குப் போங்க."

மழைக்காலத்தில் ஒருநாள் பழைய அலுவலகத்து அக்கவுன்டன்ட் போன் செய்தார். அவரும் தமிழர்தான். மேனேஜருக்குப் பக்கவாதம், ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் இல்லை, மனைவி ஸ்பூனால் ஊட்டுகிறார் என்றார். "முதலாளி உங்களைத்தான் கூப்பிடச் சொன்னாரு மேடம். அந்த சீட் உங்களுக்குத்தான். திங்கக்கிழமை வந்துடுங்க."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்தேன். துள்ளிக் குதித்திருக்க வேண்டும். குதிக்கத் தோன்றவில்லை. பக்கெட் பக்கத்தில் உட்கார்ந்து குழவியைத் தூக்கினேன். பழைய முகம் வரவில்லை. வாய் கோணி, கஞ்சி ஒழுகும் ஒரு கிழவன்தான் வந்தான். அவனை எப்படி அடிப்பது? மீனைப் பிடித்தேன், விட்டேன். மறுபடி பிடித்தேன், மறுபடி விட்டேன். கணவர் அன்று வீட்டில் இருந்தார்.

"போதும்ளா. திங்கக்கெழம போயிரு" என்றார்.

எனக்கும் அதுவே சரி என்று பட்டது. வெறுப்பை நம்பி நடத்திய கடை, வெறுப்பு தீர்ந்ததும் மூடவேண்டியதுதானே!

அப்போது அந்த அடுத்த தெரு அம்மாளின் மகன் போன் செய்தான். இப்போதெல்லாம் அவனுக்கு நான் தீதி, அதாவது அக்கா. "தீதி, அம்மா இன்னிக்குத் தானா எழுந்து நடந்து மேஜைக்கு வந்துட்டாங்க. தட்டை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. ஜோல் எப்ப வரும்?"

பக்கெட்டைப் பார்த்தேன். மீன் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அதற்கு மீசை இருந்தது. இத்தனை மாதமாக அதைக்கூட நான் பார்த்ததில்லை. துணியால் முள்ளோடு சேர்த்து அமுக்கிப் பிடித்தேன். யாரையும் திட்டவில்லை. ஒரே அடி. வால் இரண்டு தரம் துடித்து அடங்கியது. அதுவரை நான் மேனேஜரைத்தான் அடித்துக்கொண்டிருந்தேன். அன்றுதான் ஒரு மீனைக் கொன்றேன். விக்கி விக்கி அழுதேன். அழுதுகொண்டே அரிவாள்மனையில் அரிந்து, கழுவி, குழம்பை அடுப்பில் ஏற்றினேன்.

கொதி வந்ததும் அக்கவுன்டன்ட்டைக் கூப்பிட்டேன்.

"நான் வரல சார். எனக்கு வேலை இருக்கு."