பச்சைப் பூவாளியில் சுடுதண்ணீர்

ஞாயிறு மாலை ஐந்து இருபதுக்கு மகளின் தொலைபேசி அணைந்துபோனது. ஆறு மணிக்கு வாக்குச்சாவடியை மூடிவிடுவார்கள். எங்கள் பகுதியின் சிறிய மயானத்தை வைத்திருப்பதா, மூடுவதா என்று அன்று வாக்கெடுப்பு. வைத்திருந்தால் பராமரிப்புக்காக வீட்டுவரி கூடும். ஜெர்மன் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமலே காலத்தைக் கடத்திவிட்ட எனக்கும் கணவருக்கும் வாக்கில்லை. இங்கே பிறந்த, பதினாறு வயது மகளுக்குத்தான் உண்டு. அவளோ மத்தியானம் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போயிருந்தாள். படிக்கட்டு ஜன்னலருகே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, ஏனோ ஒரு பச்சைப் பூவாளி நினைவுக்கு வந்தது.

அந்த மயானத்தில்தான் எங்கள் மூத்தவள் இருக்கிறாள். ஒன்பது நாள் பிள்ளை. கைக்குழந்தையை எரிப்பதில்லை என்பதால் புதைத்தோம். எங்கள் வழக்கத்தில் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. கணவர் வேலைக்குப் போனபின் நான் தனியாகப் போய்வருவேன். ஆனால் கால் கழுவாமல் வீட்டுக்குள் நுழைய மனம் வராது. அடுக்குமாடி வாசலில் கழுவ எங்கே இடம்? மயானத்துக் குழாயடியிலேயே கழுவிக்கொள்வேன். முதல் பனிக்காலத்தில் ஒருநாள் குழாயில் தண்ணீர் வரவில்லை; உறைந்து வெடிக்காமலிருக்க நிறுத்திவைத்திருந்தார்கள். சப்பாத்தைக் கழற்றி, பனியை அள்ளிக் காலில் தேய்த்துக்கொண்டிருந்தேன். "இதென்ன குளியலறையா?" என்று கத்திக்கொண்டு வந்தார் மயானக் காப்பாளர். என் அரைகுறை ஜெர்மனில் காரணத்தைச் சொன்னேன். தன் அறைக்குப் போனவர், பச்சைப் பூவாளி நிறையச் சுடுதண்ணீரோடு திரும்பினார். நான் கழுவி முடிக்கும்வரை முதுகைக் காட்டி நின்றார். "செத்தவர்களுக்குச் சளி பிடிக்காது. உங்களுக்குப் பிடிக்கும்" என்றார். அதன்பின் குளிர்காலங்களில் என் தலை தெரிந்தாலே தண்ணீரைக் கொதிக்கவைத்துவிடுவார். அவர் ஓய்வுபெற்ற பிறகு அந்த வேலைக்கு வேறெவரும் வரவில்லை. புல் மண்டியது.

இதையெல்லாம் மகளிடம் போன கிழமைதான் சொன்னேன். பிள்ளை பயந்துவிடுவாள் என்று அதுவரை மறைத்திருந்தோம். "இவ்வளவு நாளா எனக்கொரு அக்கா இருந்தவ எண்டு சொல்லேல்ல. இப்ப வோட் வேணுமெண்ட உடன சொல்லுறியள்" என்றாள். பிழை சொல்ல முடியவில்லை. ஞாயிறு மத்தியானமும் அதே சண்டை. "வரி கூடினா வாடகையும் கூடும்தான் பிள்ளை. நான் ஓவர்டைம் செய்யிறன்" என்று இடையில் புகுந்தார் கணவர். "அப்பா, அதுக்கோ நான் கோவிக்கிறன்?" என்று கேட்டுவிட்டுத்தான் கதவைச் சாத்தினாள்.

மயானம் தப்பிவிட்டது என்று பிறகு அறிந்தோம். ஆனால் அதற்கு முன், ஆறேகாலுக்கு, அழைப்புமணி அடித்தது. மகள் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி வெறுங்காலோடு நின்றாள். ஜீன்ஸ் முழங்கால்வரை நனைந்திருந்தது.

"நாலு மணிக்கே போட்டிட்டன். பிறகு அக்காவைத் தேடினன். புல்லுக்க மறைஞ்சு கிடந்தவ" என்றாள். "குழாயடியில பச்சைப் பூவாளி இருந்தது, அம்மா. கால் கழுவிட்டுத்தான் வந்தனான். உள்ளுக்கு வரலாமோ?"