இரும்பு மூடியைச் சுற்றி ஒரு கோலம்

கீழ்க்கட்டளையில் அந்தத் தெரு தொடங்கும் மேட்டில் முதல் வீடு அங்காளம்மாளுடையது. ஒரு காலத்தில் தெரு மொத்தமும் அவள் மாமனாரின் நெல்வயல். மனை போட்டு விற்றது போக மிஞ்சியது இந்த ஓட்டு வீடுதான். புருஷன் போய் ஆறு வருஷம். மகள் சந்திரிகா ஷார்ஜாவில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் வரும், வந்தால். மற்றபடி அவள் வாய் திறந்து பேசியதெல்லாம் ஒரே ஒருத்தனிடம்தான்.

அவன் நகராட்சி வால்வுக்காரன் சவுரிமுத்து. ஒருநாள் விட்டு ஒருநாள் காலை ஆறு மணிக்கு, நீளமான இரும்புச் சாவியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவான். தெருவுக்குத் தண்ணீர் விடும் வால்வு அவள் வாசலில், ஓர் இரும்பு மூடிக்கு அடியில் இருந்தது. திறந்துவிட்டு உடனே போய்விட முடியாது. பள்ளத்து வீடுகளுக்கெல்லாம் போன பிறகுதான் மேட்டு வீட்டுக்குத் தண்ணீர் ஏறும். அது ஏறியதைப் பார்த்துவிட்டுத்தான் அவன் அடுத்த தெருவுக்குப் போக வேண்டும். அதற்குப் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷம் அவனுக்கு ஒரு டம்ளர் டீ, அவளுக்கு ஊர் வம்பு. குழாய் உஸ்ஸென்றதும் உள்ளேயிருந்து, "வந்துருச்சுப்பா" என்று குரல் கொடுப்பாள்.

அவன் வரும் நாள், வராத நாள் எல்லாம் அவள் கோலம் போட்டாள். மூடிதான் நடுப்புள்ளி. அது கேட்டுக்கு நேராக இல்லாமல் இடப்பக்கம் தள்ளியிருந்ததால் கோலமும் ஒருபக்கமாகத்தான் கிடக்கும். கோணக் கோலம் என்று தெருவே கேலி பண்ணியது. பண்ணட்டுமே.

இரண்டாயிரத்து ஏழு கோடையில் ரோடு போட்டார்கள். போட்ட புண்ணியவான்கள் மூடியின் மேலேயே ஜல்லியைக் கொட்டித் தாரை ஊற்றி உருட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அன்றைக்குத் தண்ணீர் விடாத நாள், வால்வு மூடிக் கிடந்தது. தெரு காய்ந்தது. வாரம் இரண்டு லாரித் தண்ணீர், வீட்டுக்கு நாலு குடம், அதற்கும் அடிதடி.

சவுரிமுத்து ஆட்களோடு வந்து மூன்று இடத்தில் தோண்டினான். கரண்ட் கம்பத்திலிருந்து நேராக நாலு எட்டு என்பது அவன் வருஷக்கணக்காக வைத்திருந்த கணக்கு. அந்தக் கம்பத்தையே ரோட்டுக்காக நகர்த்தி நட்டிருந்தார்கள் என்பது மூன்றாவது பள்ளத்தில்தான் அவனுக்கு உறைத்தது.

"பேஜாரா பூட்சே சார்" என்று தலையில் கை வைத்தான்.

கூட வந்த என்ஜினீயர் லக்ஷ்மிநாராயணன் அவனைத் தேற்றினார். "கிடைச்சதும் ஃபுல்லா திறந்து, மேல கான்கிரீட் போட்டு மூடிடலாம். புது டேங்க்ல மோட்டார் போட்டா தானா வரும். இனிமே இந்தத் தெருவுக்கு ஆள் வர வேண்டியதில்லை."

கேட்டுக்குள் நின்ற அங்காளம்மாளுக்கு அது நன்றாகக் கேட்டது. மூடி எங்கே என்று சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டாள். தேடுகிற வரைக்கும் அவன் வருவானில்லையா? அவளுக்கு அது போதும்.

இரண்டு நாள் மூச்சுவிடவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் எதிர்வீட்டு ஜெயப்ரியா கைக்குழந்தையோடு வந்தாள். குழந்தையின் தொடையெல்லாம் வேர்க்குருவும் புண்ணும்.

"அக்கா, ஒரு சொம்பு தண்ணி இருக்குமா? லாரி நேத்தும் வரல. இவன் துணியை அலசக்கூட இல்ல."

அங்காளம்மாள் ஒரு குடத்தையே தூக்கிக் கொடுத்தாள். குழந்தையின் காலைப் பார்த்தபோது தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஒரு டம்ளர் டீக்கும் பத்து நிமிஷப் பேச்சுக்கும் ஊரைக் காயப்போட்டேனே, நானெல்லாம் ஒரு மனுஷியா என்று அன்று முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் கோலப்பொடியோடு இறங்கினாள். ரோடு போட்டதிலிருந்து அவள் கோலம் போட்டிருக்கவில்லை. கண்ணால் தேடவில்லை. கேட்டிலிருந்து வழக்கமாக நடக்கிற நடையை நடந்து, வழக்கமாகக் குனிகிற இடத்தில் குனிந்து, கை போன இடத்தில் நடுப்புள்ளியை வைத்தாள். கறுப்புத் தாரில் பழைய கோணக் கோலம் பளிச்சென்று விழுந்தது.

கடப்பாரையோடு வந்த சவுரிமுத்து அதைப் பார்த்ததும் சைக்கிளை விட்டு இறங்கினான்.

"இன்னாக்கா, இங்கயா கீது?"

"நடுப்புள்ளியில தோண்டுப்பா."

"மொதல்லயே சொல்லக் கூடாதா?"

அவள் டீ போட உள்ளே போனாள். நாலாவது குத்தில் கடப்பாரை இரும்பில் பட்டு ஓசை வந்தது. சாவியை மாட்டி முழுசாகத் திறந்துவிட்டு, அவன் டீயை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். அன்றைக்கென்று ஆறே நிமிஷத்தில் குழாய் உஸ்ஸென்றது. மிச்ச நாலு நிமிஷமும் போச்சே என்றிருந்தது அவளுக்கு. தெருவெல்லாம் குடம் முட்டும் சத்தம். மத்தியானம் கான்கிரீட் போட்டு மூடினார்கள்.

"வர்ட்டாக்கா. இனிமே பம்மல் பக்கம் டூட்டி" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஒருநாள் விட்டு மறுநாள் காலை ஆறு மணிக்குக் குழாய் தானாக உஸ்ஸென்றது.

"வந்துருச்சுப்பா" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள் அங்காளம்மாள். கொடுத்த பிறகுதான் நினைவு வந்தது. வாசலுக்கு வந்து பார்த்தாள். தெருவில் யாருமில்லை, எல்லாரும் அவரவர் வீட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவளும் உள்ளே போய் ஒரு குடம் பிடித்தாள். அவளுக்கு ஒரு குடமே அதிகம்.